முள்ளுக்குறிச்சி பஸ்ஸுக்கு வந்த மாற்று எஞ்சின்

ஹாண்டில் உதைத்தது

எஞ்சினைச் சுற்றிவிடும் இரும்பு ஹாண்டில் எதிர்ப்பக்கமாக உதைத்தால் எப்படியிருக்கும் என்று இன்றைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்திருக்காது. எல்லா வண்டியிலும் பட்டன் ஸ்டார்ட் வந்துவிட்டது. எங்கள் காலத்தில் பேட்டரி பேருக்குத்தான் இருக்கும். வண்டியின் முன்னால் குனிந்து, ஹாண்டிலை மாட்டி, கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் தீப்பொறி விழுந்துவிட்டால் எஞ்சின் பின்பக்கமாகச் சுழலும். அந்த வேகம் முழுவதும் பிடித்திருக்கும் கையில் இறங்கும்.

டிரைவர் முத்துசாமியின் மணிக்கட்டு அப்படித்தான் முறிந்தது. வண்டியை ரிப்பேர் பார்க்கும் பிட்டரான நான் அப்போது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தேன். பச்சை விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. ஹாண்டில் தெறித்துப் போய் மண்ணில் விழுந்தது. முத்துசாமி கத்தவில்லை. கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மட்கார்டு மேல் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

பஸ் முதலாளி ஓடி வந்தார். வந்ததும் கையைப் பார்க்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பார்த்தார். அந்த வண்டியில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்ன லீவர் இருக்கும். தீப்பொறி விழும் நேரத்தை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளுவதற்கு. ஸ்டார்ட் பண்ணும்போது அதை முழுக்கப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும் என்பது டிரைவர் வேலையின் முதல் பாடம்.

“லீவர இழுத்து வச்சியா?” என்று கேட்டார்.

“வச்சேனுங்க.”

“வச்சிருந்தா எப்படிடா ஒதைக்கும்? தூக்கக் கலக்கத்துல மறந்துட்டு இப்ப வச்சேங்கறியா?”

“வச்சேனுங்க மொதலாளி. சத்தியமா வச்சேனுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், சரியாக இருப்பதாக நான்தான் முந்தின நாள் சொல்லியிருந்தேன். எஞ்சினில் வெட்டியிருக்கும் குறிக்கு நேராக வைத்திருந்தேன். குறி சரி, லீவரும் சரி என்றால் எஞ்சின் உதைக்கக் கூடாது. உதைத்துவிட்டது. அப்படியென்றால் இரண்டில் ஒன்று பொய். முத்துசாமியை எலும்பு கட்டுகிறவரிடம் அழைத்துப் போனார்கள்.

கரி லாரியின் எஞ்சின்

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன். ஸ்பேர் பார்ட்ஸ் கண்ணில் காணக் கிடைக்காது. எங்கள் பஸ் இராசிபுரத்துக்கும் முள்ளுக்குறிச்சிக்கும் நடை அடிப்பது. கொல்லிமலைக்கு மேலே அப்போது ரோடு கிடையாது. மலைக்காரர்கள் மிளகும் பலாப்பழமும் தலையில் சுமந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்து, அடிவாரத்தில் எங்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு இருந்தது அந்த ஒரு பஸ்தான்.

பழைய எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடம்பு, பிளாக் என்போம், அது வெடித்துப் போனது. முதலாளி சேலத்தில் அலைந்து, உடைப்புக்கு வந்த ஒரு லாரியின் எஞ்சினை வாங்கி வந்தார். அதே கம்பெனி, அதே நாலு சிலிண்டர். ஆனால் அந்த லாரி சண்டை தொடங்கியதிலிருந்து கரிப்புகையில் ஓடியது. லாரிக்குப் பின்னால் ஒரு பெரிய பீப்பாயில் மரக்கரியை எரித்து, அந்தப் புகையையே எஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டுவார்கள். பெட்ரோல் கிடைக்காத ஊரெங்கும் அப்போது அதுதான் வழி.

எஞ்சினை ஏற்றி ஸ்டார்ட் செய்தபோது ஐட்லிங் நிற்கவில்லை. அதாவது ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி சீராக உறுமிக்கொண்டு நிற்க வேண்டும். இது தூக்கித் தூக்கிப் போட்டது. பானெட் நடுங்கியது. நாலு மூச்சு விட்டுவிட்டு ஐந்தாவதுக்கு அணைந்து போனது.

இப்படி நடுங்குகிற எஞ்சினுக்கு ஒரே காரணம் இருக்கும் என்று தேடுவது பெரிய தப்பு. இதில் இரண்டைச் சீக்கிரமே கண்டுபிடித்தேன். ஒன்று, கரிப்புகை விட்டுப்போன தார். வால்வுகளில் கீல் மாதிரி ஒட்டிக்கொண்டு, வால்வு முழுக்க மூடாமல் இருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சுரண்டி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தேன். இரண்டாவது, காற்று. கார்புரேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகிற மானிபோல்டு குழாயைக் கரிப்புகைக்காக அறுத்துவிட்டிருந்தார்கள். அதனால் எங்கள் பழைய குழாயையே மாட்டினோம். அது பொருந்தும் இடத்தில் ஒரு மயிரிழைச் சந்து இருந்தது. எண்ணெய்க் கேனால் அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஓர் இடத்தில் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொண்டு, எஞ்சினின் சத்தம் மாறியது. அங்கேதான் ஓட்டை. கனமாகப் பேக்கிங் வெட்டி வைத்து இறுக்கினேன்.

நடுக்கம் பாதி குறைந்தது. மீதிப் பாதி போகவில்லை. டைமிங்கைப் பார்த்தேன். ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம். அதன் விளிம்பில் ஒரு கோடு வெட்டியிருக்கும். எஞ்சின் உறையில் உள்ள சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால், அந்தக் கோடு அங்கே நிற்கும் முள்ளுக்கு நேராக வரும்போது முதல் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று அர்த்தம். தீப்பொறியை அந்தக் கோட்டுக்கு நேராகத்தான் வைத்திருந்தேன். இதற்குமேல் ஓட ஓடச் சரியாகிவிடும் என்று முதலாளி சொன்னார். மறுநாள் காலையில்தான் ஹாண்டில் உதைத்தது.

தூளியில் வந்தவர்

கை முறிந்ததற்கு அடுத்த நாள். பஸ் ஓடவில்லை. முத்துசாமி கையில் முட்டையும் உளுந்தும் வைத்துக் கட்டிய கட்டோடு வந்து முள்ளுக்குறிச்சி ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்கவில்லை. லீவர் விஷயம் முடியாமல் அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை.

மலைப்பாதையிலிருந்து ஆட்கள் ஓட்டமும் நடையுமாக வருவது தெரிந்தது. மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளி போல் சுமந்து வந்தார்கள். கொல்லிமலை மேலே குண்டனி நாட்டு ஆட்கள். தூளியில் இருந்தவர் பேர் சடையன். பலா மரத்தில் ஏணி சாய்த்து, அதில் படர்ந்த கொடியிலிருந்து மிளகு பறித்துக்கொண்டிருந்தபோது ஏணி நழுவிவிட்டது. கீழே பாறை. தொடை ஒடிந்திருந்தது பார்த்தாலே தெரிந்தது. இரத்தம் அதிகமில்லை. ஆனால் வயிறு கல் மாதிரி இருந்தது, உதடு வெளுத்திருந்தது.

கூடவே அவர் மனைவி நல்லம்மா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மலை இறங்கும் வரை தூளியின் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறாள். கால் முழுக்க முள் கீறல். அவளுடைய அண்ணன் வெள்ளையன் தூளியின் முன்பக்கத்தைச் சுமந்தவன். அவன்தான் முதலில் பேசினான்.

“ஏனுங்க, பஸ் எப்பங்க கெளம்பும்?”

“இன்னிக்கு பஸ் இல்லப்பா. எஞ்சின் ரிப்பேரு” என்றேன்.

அவனுக்கு அது புரியவில்லை. பஸ் கண்முன்னால் நின்றுகொண்டிருந்தது. “இந்தா நிக்குதுங்களே” என்றான்.

அதற்குள் ஊர் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. “முந்தாநேத்து எஞ்சின் ஓடுச்சில்ல, அப்படியே ஓட்டிக்கிட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது” என்றார் ஒருவர். “மாட்டு வண்டி கட்டலாம், பொழுது சாயறதுக்குள்ள போயிரலாம்” என்றார் இன்னொருவர். முதலாளி தூளியைப் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் கல் மனசு இல்லை.

“பிட்டரே, ஸ்டார்ட் பண்ணு. நானே ஓட்டறேன். பஸ் வாங்கறதுக்கு முந்தி நானும் டிரைவர்தான்.”

“வழியில நின்னுட்டா என்ன பண்றதுங்க?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. எடு.”

இராசிபுரம் போகும் வழியில் ஓர் ஓடை உண்டு. பாலம் கிடையாது. தண்ணீருக்குள்ளேயே மெதுவாக இறங்கி ஏற வேண்டும். மெதுவாகப் போகும்போதுதான் இந்த எஞ்சின் அணைகிறது. தண்ணீரில் அணைந்தால், உதைக்கிற ஹாண்டிலை முழங்கால் தண்ணீரில் நின்று யார் சுற்றுவது? அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது. மாட்டு வண்டியும் கிடைக்காது.

இதையெல்லாம் நான் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுகை இல்லை.

“ஏனுங்க, இப்பக் கெளம்புனா இது போய்ச் சேருமுங்களா?”

“தெரியலீங்கம்மா.”

“நிக்குமுங்களா?”

“நிக்கவும் செய்யலாம், போகவும் செய்யலாம். எதுல கோளாறுன்னு எனக்கு இன்னும் முழுசாத் தெரியல.”

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“தெரிஞ்சுக்கறதுக்கு எத்தன நேரமாகுமுங்க?”

“அரைமணி நேரம் குடுத்தீங்கன்னா ஒரு சோதனை பண்ணிப் பாக்கறேன். அதுல தெரிஞ்சா சரிபண்ணிரலாம். தெரியலைன்னா அப்பவே சொல்லிடறேன், நீங்க மாட்டு வண்டி கட்டிக்கலாம்.”

அவள் புருஷனிடம் போய்க் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கண்ணைத் திறந்தார். “கொடியெல்லாம் பாதி பறிச்சும் பறிக்காம கெடக்குது புள்ள” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கேட்டது. அவள் நிமிர்ந்து வெள்ளையனிடம், “அண்ணா, மாட்டு வண்டியக் கட்டி ஏற்பாடா நிறுத்தச் சொல்லு. இவரு பாத்துச் சொல்லட்டும்” என்றாள்.

கம்பி சொன்னது

நான் கையில் எடுத்தது சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்று. முத்துசாமி லீவரை இழுத்து வைத்ததாகச் சொன்னது உண்மையாக இருந்தால், பொய் சொல்வது குறியாகத்தான் இருக்க வேண்டும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு பார்க்க முடிவு செய்தேன்.

முதல் சிலிண்டரில் தீப்பொறி விடும் பிளக்கைக் கழற்றினேன். அந்த எஞ்சினில் பிளக் ஓட்டை நேராகப் பிஸ்டன் தலைக்கு மேலேயே இருந்தது. எல்லா எஞ்சினிலும் அப்படி இராது. ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, வெள்ளையனை ஹாண்டிலை மெதுவாகத் திருப்பச் சொன்னேன். தீப்பொறி ஸ்விட்சை அணைத்திருந்ததால் உதைக்கும் பயம் இல்லை. காற்று விரலைத் தள்ளியது. பிஸ்டன் அழுத்தத்தோடு மேலே வருகிறது. கம்பியை உள்ளே விட்டேன். பிஸ்டன் தலையில் உட்கார்ந்து கம்பியும் மேலே ஏறியது.

“மொதலாளி, ஜன்னல்ல குறியப் பாத்துக்கிட்டே இருங்க. முள்ளுக்கு நேரா வந்ததும் சொல்லுங்க.”

கொஞ்ச நேரத்தில் “வந்திருச்சு, நிறுத்து” என்றார்.

குறிப்படி பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது. “இன்னுங் கொஞ்சம் திருப்பு” என்றேன். உச்சி என்றால் கம்பி இதற்குமேல் ஏறக் கூடாது. ஏறியது. மறுபடியும் திருப்பச் சொன்னேன். மறுபடியும் ஏறியது.

முதலாளி ஜன்னலிலிருந்து தலையை எடுத்துவிட்டு என் பக்கம் வந்து நின்று கம்பியைப் பார்த்தார்.

உச்சியில் பிஸ்டன் சற்று நேரம் அசையாத மாதிரியே இருக்கும். அதனால் கண்ணால் பார்த்து உச்சியைச் சொல்ல முடியாது. கம்பி ஏறும்போது ஓர் உயரத்தில் நிறுத்தி, ஃப்ளைவீலில் சாக்பீஸால் கோடு போட்டேன். உச்சியைத் தாண்டி இறங்கும்போது அதே உயரம் வந்ததும் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுதான் உண்மையான உச்சி. அதற்கும் வெட்டியிருந்த பழைய குறிக்கும் மூன்று விரல் அகலம் வித்தியாசம் இருந்தது.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது. லாரியின் ஃப்ளைவீலில் பல் உடைந்திருந்ததால், விற்பதற்கு முன் வேறொரு மாடலின் ஃப்ளைவீலை யாரோ மாட்டியிருக்கிறார்கள். போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்திவிட்டன. குறி மட்டும் வேறு எஞ்சினுக்கு உரியது. குறியை நம்பி வைத்த தீப்பொறி எப்போதும் முந்திக்கொண்டே விழுந்தது. லீவரை முழுக்கப் பின்னுக்கு இழுத்தாலும் பாதிதான் சரியாகும். எஞ்சின் நின்ற இடத்தில் நடுங்கியதும் அதனால்தான், கையை உதைத்ததும் அதனால்தான்.

முதலாளி முத்துசாமியிடம் போனார். நான் கேட்காத மாதிரி உளியை எடுத்துப் புதுக் குறி வெட்டிக்கொண்டிருந்தேன்.

“லீவர் பின்னாலதான் இருந்திருக்குது முத்து.”

முத்துசாமி தலையை ஆட்டினார். “மொதல்ல அந்த மனுசன ஏத்துங்க” என்றார்.

சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்னத் தகடுகள் உண்டு, பாயிண்ட் என்போம். அவை பிரியும் நொடியில்தான் தீப்பொறி விழும். முதலாளி தன் சிகரெட் பெட்டியிலிருந்த மெல்லிய தாளைக் கிழித்துக் கொடுத்தார். அதைப் பாயிண்டுகளுக்கு நடுவில் வைத்து லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, லீவரை முழுக்கப் பின்னுக்கு வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். புதுக்குறி முள்ளுக்கு நேராக இருக்கும்போது தாள் பிடி விட்டு வழுக்கி வர வேண்டும். வந்தது. அந்த இடத்தில் இறுக்கினேன்.

ஹாண்டிலைப் பிடிக்க யாரும் முன்வரவில்லை. முத்துசாமியின் கட்டுப் போட்ட கை எல்லார் கண்ணிலும் இருந்தது. வைத்தவன் நான், நானே போனேன். கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. உதைக்கவில்லை. ஸ்டீயரிங்கில் உட்கார்ந்திருந்த முதலாளி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். எஞ்சின் அணையவில்லை. மட்கார்டு மேல் கையை வைத்துப் பார்த்தேன். மெல்லிய ஒரே சீரான அதிர்வு.

நல்லம்மாவிடம் போய், “இப்பப் போகுமுங்கம்மா. ஓடையில நிக்காது” என்றேன். அவள் “சரிங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஓடைக்கு அப்பால்

பஸ்ஸின் மரப் பெஞ்சுகளில் இரண்டைக் கழற்றிவிட்டு, வைக்கோல் பரப்பி, தூளியோடு சடையனைக் கிடத்தினோம். முதலாளி ஓட்டினார். பக்கத்தில் முத்துசாமி உட்கார்ந்து, குழிகளை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். ஓடையில் முதல் கியரில் இறங்கினோம். தண்ணீர் படிக்கட்டைத் தொட்டது. எஞ்சின் ஒரு மூச்சுகூடத் தப்பவில்லை. இராசிபுரத்தில் முதலுதவி செய்து, சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். முதலாளி அதே பஸ்ஸை சேலத்துக்கே விட்டார். கூப்பனைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

சடையன் பிழைக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் உயிர் போய்விட்டது. விழுந்த வேகத்தில் வயிற்றுக்குள் ஈரல் கிழிந்துவிட்டதாம். கிழிந்த அந்த நேரத்திலேயே முடிந்து போன விஷயம் என்று டாக்டர் சொன்னாராம். அது ஆறுதலுக்குச் சொன்னதா, உண்மையா, எனக்குத் தெரியாது. நாங்கள் செலவழித்த அந்த அரைமணி நேரத்தை நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயணிகள் பஸ்ஸில் பிணம் ஏற்றும் வழக்கம் இல்லை. ஏற்றினால் அப்புறம் ஜனங்கள் ஏறமாட்டார்கள் என்று பஸ்காரர்கள் எல்லாருக்கும் பயம். சேதி வந்ததும் முதலாளி தானே வண்டியைச் சேலத்துக்கு எடுத்தார், என்னையும் ஏறச் சொன்னார். “மண்ணுக்குள்ள வைக்கறதுன்னா அவங்க மலையிலதான் வைப்பாங்க. கொண்டாந்து விடறது நம்ம கடமை” என்றார்.

முள்ளுக்குறிச்சியில் குண்டனி நாட்டிலிருந்து நிறையப் பேர் இறங்கி வந்து காத்திருந்தார்கள். பறை கொண்டுவந்திருந்தார்கள், ஆனால் அடிக்கவில்லை. சடையனை இறக்கி மூங்கிலில் கட்டினார்கள். நல்லம்மா கடைசியாக இறங்கினாள். நான் படிக்கட்டருகே நின்றிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, “கொஞ்சம் முந்திக் கெளம்பியிருக்கலாமோன்னு இருக்குதுங்கம்மா” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்படி நெனைக்காதீங்க சாமி. அன்னிக்கு எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னாங்க. மலையில இருந்து எறங்கற வரைக்கும் அதயேதான் சொல்லிக்கிட்டு வந்தாங்க. நீங்க ஒருத்தருதான் தெரியலைன்னு சொன்னீங்க. அதனாலதான் உங்க பேச்ச நம்பி நின்னேன். அவரு நடுவழியில, தண்ணியில கெடந்து போகல. ஆஸ்பத்திரியில, பாய் மேல, என்ற கையப் புடிச்சுக்கிட்டுத்தான் போனாரு.”

சொல்லிவிட்டு, பாதையில் ஏற ஆரம்பித்தவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ எஞ்சின்களை மாற்றியிருக்கிறேன். எவன் வெட்டிய குறியையும் கம்பி விட்டுப் பார்க்காமல் நம்பியதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்கு அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது வேறு. வண்டிக்குப் பக்கத்தில் நின்று “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று ஒருவர் கேட்டால், “இதோ ஆச்சுங்க” என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள். தெரிந்தால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். காத்திருப்பதா, வேறு வண்டி பார்ப்பதா என்று அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு அவர் கையில் இருப்பது நீங்கள் சொல்லும் அந்த ஒரு பதில் மட்டும்தான்.